கை நடுங்கினால் கார்டு எடுக்காது

மனசு சரியில்லாதவர்களுக்கும் குடியை விட முடியாதவர்களுக்கும் ஒரு நாளைக்கு இன்ன விலை என்று அரசாங்கம் நிர்ணயித்து வைத்திருக்கிறது. அந்த விலையைக் கேட்டு வாங்கித் தருவதுதான் என் பிழைப்பு.

வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், எனக்கு வேலை வேண்டும். அங்கே காப்பீட்டு கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஸ்டெல்லா நான்தான். ஜனங்களுக்கு 'கார்டு அக்கா'. நீங்களும் எங்கேயாவது என்னைப் போன்ற ஒருத்தியிடம் கார்டை நீட்டியிருப்பீர்கள். "சர்வர் இல்ல, ஒக்காருங்க" என்று அவள் சொல்லியிருப்பாள். நீங்கள் மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். அதெல்லாம் எங்களுக்குக் கேட்கும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்கம் அனுமதி தருகிற ஆளை நாங்களும் அதே வார்த்தையில்தான் திட்டிக்கொண்டிருப்போம். ஆகவே நாம் எல்லோரும் ஒரே க்யூதான், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைத் தவிர.

இதில் பாதிக் கதை ஏழுமலை என்ற ஒரே ஆளைப் பற்றியது. ஒரு திங்கட்கிழமை அவருக்கு ஒரு பெட் வாங்கித் தர வேண்டியிருந்தது. எங்கள் கேட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில், லைசென்ஸோடு, போர்டோடு, காலையிலேயே திறக்கிற ஒரு சாராயக்கடை இருக்கிறது. பெட் இல்லையென்று அவரைத் திருப்பி அனுப்பினால் அந்த வழியாகத்தான் நடந்து போக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் மறந்துவிடாதீர்கள்.

முட்டிக்கு மொத்தமாக

அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் விலைப்பட்டியல் தடியாக ஒரு புத்தகம். முட்டி மாற்ற ஒரு தொகை, கண்புரைக்கு ஒரு தொகை, கிட்னியில் கல் எடுக்க ஒரு தொகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட் நம்பர். மொத்தமாகத் தருவார்கள். மனசுக்கு மட்டும் நாள் வாடகை. படுக்கை, சாப்பாடு, மாத்திரை, நர்ஸ், டாக்டர், டாக்டர் உட்கார்ந்து பேசுகிற பேச்சு, எல்லாம் அந்த ஒரு தொகைக்குள் அடக்கம். அனுமதியும் பத்துப் பத்து நாளாகத்தான். பத்தாம் நாள் மறுபடி கேட்க வேண்டும். இன்னும் ஏன் சரியாகவில்லை என்று விளக்கமும் எழுத வேண்டும்.

அதனால் எங்கள் மனநல வார்டில் பன்னிரண்டு பெட். முட்டிகளுக்கு மாடியில் இரண்டு தளம். மனநல டாக்டர் சின்ன வயசுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நாலு பெட் சேர்த்துப் போடச் சொல்லி மேனேஜரிடம் போய் நின்றார். மேனேஜர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கால்குலேட்டரை எடுத்து நாலு தட்டு தட்டி, டாக்டர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"சார், இந்த ரேட்டுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல லாட்ஜ்ல ரூம் குடுக்க மாட்டான். அங்க சாப்பாடும் கெடையாது, உங்கள மாதிரி டாக்டரும் கெடையாது."

சிரிக்காமல் ஒரு போட்டோ

நோயாளி நிஜமாகவே படுக்கையில் இருக்கிறார் என்பதற்கு நான் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். முட்டிக்காரர்களோடு ஒரு தொல்லையும் இல்லை. பெரிய கட்டு, தூக்கி வைத்த கால், வேதனையான முகம். மனநல வார்டில் யாருக்கும் கட்டு இருக்காது. ஒரு முறை அந்தப் பக்கத்திலிருந்து 'தையல் போட்ட இடத்தின் படம் இணைக்கவும்' என்று கேட்டு எழுதியிருந்தார்கள். டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

திருபுவனையிலிருந்து ஒரு காலேஜ் பெண் சேர்ந்திருந்தாள். மாதக்கணக்கில் வீட்டில் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல் கிடந்தவள். எட்டாம் நாள் போனைத் தூக்கிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் மடச்சி மாதிரி சந்தோஷப்பட்டு, சிரிப்போடு எடுத்து ஏற்றிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: 'நோயாளி நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. மேலும் தங்குவது ஏன்?' டாக்டர் இன்னும் பத்து நாள் வேண்டும் என்கிறார். மறுபடி போனேன். "கொஞ்சம் சிரிக்காம இரும்மா கண்ணு" என்றேன். வார்டு சிஸ்டர் விமலா என்னை அடிக்காத குறை. "எட்டு நாளா நாங்க எல்லாம் சேந்து அதுக்குத்தானே உசுர வுட்டோம்" என்று கத்தினாள். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டை மூடி, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நான் சிரிச்சா ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நஷ்டம்?"

பேச்சுக்கு கோட் நம்பர் இல்லை

தணிக்கைக்கு ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். மனநல வார்டில் அன்றைக்கு யாருக்கும் டிரிப் ஏறவில்லை. யாரும் முனகவுமில்லை. வெளியே புங்க மரத்தடி பெஞ்சில் டாக்டரும் ஒரு பெரியவரும் வேர்க்கடலை உரித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மகனைச் சாகக் கொடுத்தவர், வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் வாயைத் திறந்திருந்தார். தணிக்கைக்காரர் நேராக பெஞ்சுக்குப் போய், "சார், ட்ரீட்மெண்ட் எங்க நடக்குது? நான் பாக்கணும்" என்றார். டாக்டர் கையிலிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"இங்கதான் நடந்துச்சு சார். நீங்க வந்தீங்க, நின்னுபோச்சு."

திருப்பூர் நிலவரம்

கார்டு போடுகிற முகாம் நடந்தபோது போன் நம்பர் கேட்டிருக்கிறார்கள். பாகூர் பக்கம் ஒரு தெருவில் பாதிப் பேர் நம்பரை அடிக்கடி மாற்றுகிறவர்கள், மீதிப் பேருக்குத் தங்கள் நம்பரே தெரியாது. முகாமுக்கு மேசை நாற்காலி போட்டுக் கொடுத்தவர் கேபிள் டிவி பாஸ்கர். "என் நம்பர போடுங்க, எங்க ஓடப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். போட்டுவிட்டார்கள், மொத்தத் தெருவுக்கும். இப்போது அந்தத் தெருவில் யார் எந்த ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் சேர்ந்தாலும் முதல் மெசேஜ் பாஸ்கருக்குத்தான் போகும். எனக்கு இது தெரிந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். 'உங்கள் கார்டில் உங்கள் சொந்த நம்பரை உடனே மாற்றுங்கள்' என்று சிவப்பு இங்க்கில் பெரிதாக எழுதி கவுண்டரில் ஒட்டினேன். ஒருத்தரும் மாற்றவில்லை.

நான் பயந்தது போலவே ஆயிற்று. அந்தத் தெருப் பையன் ஒருவன், சாவதற்கு மருந்து குடித்துப் பிழைத்தவன், மனநல வார்டில் சேர்ந்தான். வீட்டில் அக்கம்பக்கத்தில் எல்லாம் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பாஸ்கர் ஒரு சீப்பு வாழைப்பழமும் ரொட்டியுமாக வந்து நிற்கிறார். அவனுடைய அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஊர் முழுக்கத் தெரியப் போகிறது, எல்லாம் இந்தப் பாழாய்ப்போன நம்பரால் என்று நான் பின்னாலேயே ஓடினேன். பாஸ்கர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்தார்.

"அப்புறம், திருப்பூர்ல சாப்பாடெல்லாம் எப்படிப்பா?"

படுத்தால்தான் கார்டு

நெட்டப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா மாதாமாதம் வருவார். மகனுக்குக் காதில் யாரோ பேசுகிற வியாதி. மாத்திரை போட்டால் காலையில் எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருவான். போடாவிட்டால் மாடோடு சண்டை போடுவான். ஒரு மாதம் கவர்மெண்ட் டிஸ்பென்சரியில் அந்த மாத்திரை ஸ்டாக் இல்லை. வெளியே வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். மாத்திரைக்குக் கார்டு கிடையாது, படுக்கையில் சேர்ந்தால்தான் கார்டு என்று சொன்னேன். சேர்ந்தால் மாத்திரை உண்டா என்றார். உண்டு. சோறு? அதுவும் உண்டு. சேர வேண்டுமென்றால் அவனுக்கு முற்றியிருக்க வேண்டும், இப்போது நன்றாக இருக்கிறானே என்றேன். நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. அந்த அம்மா கோபப்படவில்லை, கணக்கு சரிபார்க்கிற மாதிரி விரலை மடக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்ப எம்மவன் நல்லா இருந்தா பணம் குடுக்க மாட்டீங்க, கெட்டுப் போனா குடுப்பீங்க. அதானேமா?"

சிவப்பு நட்சத்திரம்

இப்போது ஏழுமலை. பாகூர் பக்கத்துக்காரர், பாஸ்கர் தெருதான். நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர். மிஷினில் உட்கார்ந்தால் வரப்பு ஓரத்துக் கதிரைக்கூட விடாமல் வழித்துக் கொடுப்பார் என்று பேர். இறங்கினால் நேராகக் கடை. குடித்துக் குடித்து வயிறு புண்ணாகி, ரத்தமாக வாந்தி எடுத்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு முறை வந்தார். ஆறு முறையும் அவர் மனைவி தனலட்சுமிதான் ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். ஆறு முறையும் பொது வார்டில் சேர்த்து, வயிற்றுக்கு வைத்தியம் பார்த்து, அனுப்பினோம்.

எங்கள் கம்ப்யூட்டர் படிவத்தில் கட்டாயமான கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நட்சத்திரம் இல்லாத கட்டங்களை இந்த வேலையில் இருக்கிற யாரும் தொடுவதில்லை, வரிசையில் முப்பது பேர் நின்றால் நீங்களும் தொட மாட்டீர்கள். 'வியாதி' என்ற கட்டத்துக்கு நட்சத்திரம் உண்டு. 'காரணம்' என்ற கட்டத்துக்குக் கிடையாது. வயிற்றுப்புண் என்று போட்டால் அரை மணியில் அனுமதி வரும், விலையும் கூட. சாராயம் என்று போட்டால் மனநல வார்டு, குறைந்த விலை, ஆயிரம் கேள்வி. நான் ஆறு முறையும் காரணத்தைக் காலியாக விட்டேன். பொய் எழுதவில்லை பாருங்கள். முதல் முறை எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அப்போது தனலட்சுமி கண்ணாடி ஓட்டை வழியாகக் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்து வலின்னே இருக்கட்டும்க்கா. பொண்ணு பிளஸ் டூ படிக்குது. நாளைக்கு யாராச்சும் பாத்து கேட்டா இன்னா சொல்லுவேன்?"

கட்டைவிரல்

ஏழாம் முறை ஏழுமலை தானே நடந்து வந்தார். திங்கட்கிழமை காலை, ஒன்பது மணிகூட ஆகவில்லை. வாந்தி இல்லை, ரத்தம் இல்லை. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. தனலட்சுமி இரண்டடி பின்னால் நம்பாத முகத்தோடு வந்தார். மிஷின் முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டாராம், குடியை விட்டுவிட்டு அறுவடைக்கு வா, சாவி இங்கேயே இருக்கும் என்றாராம். "ஆறு வாட்டி வயித்த சரி பண்ணீங்க. வயிறு இன்னா பண்ணும் பாவம். இந்த வாட்டி என்னய சேத்துக்கோங்க" என்றார். இத்தனை வருஷமாக இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை.

டாக்டர் பார்த்தார். முந்தின நாள் மதியத்துக்கு அப்புறம் குடிக்கவில்லை, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பொழுது சாய்வதற்குள் பெட்டில் இருக்க வேண்டும் என்றார். தன் மேசை டிராயரிலிருந்து ஒரு மாத்திரை கொடுத்தார். பெட் ஒன்று காலி இருந்தது. அனுமதி வந்தால்தான் தருவார்கள். அனுமதி கேட்கக் கைரேகை வேண்டும். ரேகை மிஷின் மேல் கட்டைவிரலை அசையாமல் வைக்க வேண்டும். ஏழுமலைக்குக் கை நடுங்கியது. வைத்தார், எடுக்கவில்லை. மறுபடி, எடுக்கவில்லை. தனலட்சுமி தன் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினார். மேசை சேர்ந்து ஆடியது.

எட்டாம் தடவைக்கு அப்புறம் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெட்கம். ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், உதவி செய்கிற தோரணையில், மெதுவாகச் சொன்னார்.

"ஒரு கிளாஸ் போட்டா கை நிக்கும்க்கா. ஓடிப்போய் போட்டுட்டு வந்து வெக்கட்டுமா?"

கம்பத்தின் மேலே

ரேகை விழாவிட்டால், ஏன் விழவில்லை என்று எழுதிவிட்டு, கார்டில் இருக்கிற போன் நம்பருக்கு வரும் ஓடிபி வழியாகப் போகலாம். 'கை நடுக்கம்' என்று எழுதினேன். இதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி பாஸ்கருக்குப் போயிற்று. பாஸ்கர் போனை எடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஓடிபி செத்துப்போகும். செத்தது. மறுபடி அனுப்பினேன். தனலட்சுமி நாற்காலியை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார், ஏழுமலை எழுந்தால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் தனலட்சுமி காலை நீட்டினார்.

மூன்றாவது ஓடிபிக்கு பாஸ்கர் எடுத்தார். கம்பத்தின் மேல் ஏறி நிற்கிறாராம், காற்றுச் சத்தம். ஒவ்வொரு எண்ணாகக் கத்தினார். கடைசி எண் வருவதற்குள் லைன் போயிற்று. ஒன்று முதல் போட்டுப் பார்ப்போம் என்று அடித்துக்கொண்டிருந்தேன், அவரே திரும்பக் கூப்பிட்டுக் கடைசி எண்ணைச் சொன்னார். உள்ளே போய்விட்டது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி அவர் போன். எந்த வார்டு என்று மெசேஜ் வந்திருக்கும் இல்லையா, படித்திருக்கிறார்.

"இப்பவாச்சும் சரியா போட்டீங்களே. ஆறு வயித்து வலி மெசேஜும் இன்னும் என் போன்லயே கெடக்குது."

விளக்கம் தேவை

மத்தியானம் பதில் வந்தது. அனுமதி இல்லை, கேள்வி. 'இவருக்கு இதற்கு முன் ஆறு முறை வயிற்றுப்புண் சிகிச்சை. மதுப்பழக்கம் பற்றி எங்கும் பதிவு இல்லை. திடீரென்று மது அடிமை என்பது எப்படி? ஆதாரத்துடன் விளக்கவும்.' குடிகாரர் எதிரே உட்கார்ந்து வேர்த்து நனைந்துகொண்டிருக்கிறார். அவர் குடிப்பார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் பண்ணியது யார்? இதோ, இந்தக் கைதான்.

ரெக்கார்டு ரூமுக்கு ஓடினேன். பழைய கேஸ் ஷீட்கள் தூசியோடு இருந்தன. நல்லவேளை, நர்ஸ்களுக்கு நட்சத்திரம் கிடையாது, பார்த்ததை எழுதிவிடுவார்கள். 'நோயாளி இரவெல்லாம் சாராயம் கேட்டு அழுதார்.' 'நோயாளி சுவரில் பூச்சி ஓடுவதாகச் சொன்னார்.' 'மனைவி தூங்கவில்லை.' ஆறையும் போட்டோ எடுத்து ஏற்றினேன். அப்புறம் விளக்கக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தேன். என் இங்கிலீஷ் இதற்குப் போதாது. தமிழிலேயே அடித்தேன்.

'ஐயா, ஏழுமலைக்கு ஆறு முறை வயிற்றுப்புண் வந்தது உண்மை. ஆறு முறையும் சாராயத்தால் வந்தது. காரணம் என்ற கட்டத்துக்கு நட்சத்திரம் இல்லாததால் நான்தான் காலியாக விட்டேன். பொது வார்டுக்கு விலை கூட, அனுமதி சீக்கிரம் வரும், அவர் மனைவியும் கேட்டுக்கொண்டார், அதனால் விட்டேன். தப்பு என்னுடையது, அவருடையது இல்லை. தயவுசெய்து திருப்பி அனுப்ப வேண்டாம். எங்கள் கேட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் கடை இருக்கிறது.' அனுப்புகிற பட்டனை அமுக்கிய பிறகுதான், பழைய ஆறு தடவை வாங்கிய பணத்தையும் திருப்பிக் கட்டு என்று ஆஸ்பத்திரியைக் கேட்கலாம், என்னை வீட்டுக்கும் அனுப்பலாம் என்பது உறைத்தது. பரவாயில்லை என்று தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது.

இருபது நிமிஷத்தில் பதில்: 'விளக்கம் ஏற்கப்பட்டது. பத்து நாள் அனுமதி.' அப்போது மணி நாலு. சிஸ்டர் விமலா சக்கர நாற்காலியோடு தயாராக நின்றாள். ஏழுமலை அதில் உட்கார மாட்டேன், நடந்தே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் உள்ளே போய்க் கதவு மூடுகிற வரைக்கும் தனலட்சுமி நாற்காலியை விட்டு எழவில்லை. மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதியதைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தார். முழுக்கப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல வேளை தமிழ்ல எழுதுன. மேல இருக்கவங்க படிக்க முடியாமதான் ஓகே குடுத்திருக்காங்க. இனிமே நட்சத்திரம் இருக்கோ இல்லயோ, எல்லாத்தையும் நிரப்பு."

பதினோராம் நாள்

ஏழுமலை பத்து நாளும் இருந்தார். முதல் மூன்று நாள் பற்றி விமலா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சாப்பிட ஆரம்பித்தார். ஏழாம் நாள் வார்டு ஃபேனைக் கழற்றி ரிப்பேர் பண்ணிக் கொடுத்தார். டாக்டர் இன்னும் இருபது நாள் வேண்டும், நடுக்கம் போனது உடம்பு தெளிந்ததால், ஆசை இன்னும் போகவில்லை என்று விவரமாக எழுதிக் கொடுத்தார். நீட்டிப்பு கேட்க மறுபடி ரேகை. ஏழுமலை கட்டைவிரலை வைத்தார். முதல் தடவையிலேயே 'டிங்' என்று எடுத்துக்கொண்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கும்தான். நானும் அவரும் விமலாவும் சிரித்துக்கொண்டோம்.

பதில் வந்தது. 'சேர்க்கையின்போது கை நடுக்கத்தால் ரேகை பொருந்தவில்லை என்று பதிவு. தற்போது முதல் முயற்சியிலேயே பொருந்தியுள்ளது. நோயாளி தேறிவிட்டார். வீட்டிலிருந்தே தொடரலாம்.' டாக்டர் மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். இலவசமாக வைத்துக்கொள்ள மேனேஜரால் முடியாது, அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். பதினோராம் நாள் மத்தியானம் டிஸ்சார்ஜ் பட்டனை நான்தான் அமுக்கினேன். மருந்து வாங்கி, கையெழுத்து போட்டு, பில் செக்ஷனில் முத்திரை குத்தி வர ஒன்றரை மணி நேரம். தனலட்சுமி நாற்று நடவில் இருந்தார், போன் எடுக்கவில்லை. ஏழுமலை துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடி முன்னால் வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தனியாக கேட்டைப் பார்த்து நடந்தார்.

க்யூவில் இருபது பேர். எனக்கு எதிரே ஒருவர் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். "சர்வர் இல்ல, ஒக்காருங்க" என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பொய் சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போகலாம், பஸ்ஸில் ஏற்றிவிட்டு வரலாம், வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். கேட்டுக்கு வெளியே ஒரு பைக் நின்றிருந்தது. டேங்க் மேல் கறுப்பு கேபிள் சுருள். ஏழுமலை ஏற்கெனவே பின்னால் ஏறி உட்கார்ந்து, பாஸ்கர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை நடுங்கவில்லை. மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து பாஸ்கர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்.

"டிஸ்சார்ஜ்னு மெசேஜ் வந்துச்சுக்கா. அந்தக் கடைய தாண்டி உடணுமில்ல, அதான் வந்தேன்."

கவுண்டருக்குத் திரும்பியதும், சொந்த நம்பரை மாற்றச் சொல்லி நான் ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழித்துப் போட்டேன். மொத்தத் திட்டத்திலும் உருப்படியாக வேலை செய்கிற ஒன்றே ஒன்று அந்தத் தப்பான நம்பர், அதையும் நான் சரிசெய்து வைக்க வேண்டாம் பாருங்கள்.